கைப்பிடி திரும்பி வந்தது

மதகின் ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. வாய்க்காலில் ஓட்டம் இல்லை. ஆனாலும் தண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

காற்றாக இருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் காற்றே இல்லை. அணையின் கரையிலிருந்து நீருக்குள் நீளும் நடைபாலத்தின் முனையில் ஒரு கல் கோபுரம், அதன் உச்சியில் நான்கு பக்கமும் ஜன்னல் வைத்த சதுர அறை, அந்த அறைக்குள் பிற்பகல் வெயில் கிரீஸ் வாசனையோடும் கீழே சேற்றில் செத்து வெடித்த மீன்களின் நாற்றத்தோடும் சேர்ந்து ஈரத்துணி போல முகத்தில் ஒட்டியது. அறையின் நடுவில் பல்சக்கரப் பெட்டி. பெட்டியிலிருந்து தொடைப் பருமனான இரும்புத் தண்டு கோபுரத்தின் வயிற்றுக்குள் இறங்கி, நீருக்கு அடியில் மதகின் வாயை அடைத்து நிற்கும் இரும்புக் கதவைப் பிடித்திருந்தது. பெட்டியில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் தண்டு ஏறும், கதவு உயரும், கரைக்கு அடியில் இருக்கும் சுரங்கம் வழியாகத் தண்ணீர் மறுபக்கம் போய் வாய்க்காலில் விழும். இவ்வளவுதான் அவள் வேலை. அப்பா பார்த்த வேலை, அவருக்குப் பின் அவளுக்கு வந்தது.

அவள் உள்ளங்கையைத் தண்டின் மேல் வைத்தாள். தூண்டில் கயிற்றில் மீன் சிக்கினால் விரலுக்கு வரும் அந்தத் துடிப்பு. விட்டு விட்டு வந்தது. ஏதோ யோசித்து யோசித்து இழுப்பது போல.

"அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்னக்கா பண்றே? கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

தம்பி வாசலில் நின்றான். தோளில் கயிற்றுச் சுருள், கையில் பெரிய ஸ்பேனர், நெற்றியில் டார்ச் கட்டியிருந்தான். கீழுதடு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. நேற்று சாயங்காலம் கடைமடை ஆட்கள் பைக்கை மறித்து அடித்த அடி.

"கை வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். கண்களை மூடி, தலையை ஆட்டி, "நாடி நல்லாத்தான் இருக்கு. பேஷன்ட் பொழைச்சுக்குவாரு" என்றான். சிரிக்கப் போய் உதடு இழுத்து வலித்து முகத்தைச் சுளித்தான்.

"விளையாடாதே. கதவு மூடியிருக்கு. எதுக்கு ஆடணும்?"

"அடியில ஏதாவது மரக்கிளை சிக்கியிருக்கும். அதுல மீன் மோதும். அதுக்குத்தானே போறேன்?"

உண்மைதான். இந்த மாதம் கதவைத் திறந்த போதெல்லாம் வாய்க்காலில் கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் போகவில்லை. சுரங்கத்துக்குள், கதவுக்குப் பக்கத்தில், எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. வழியில் இருக்கும் வயல்களே அந்த நீரைக் குடித்துவிட்டன. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் நிலங்களுக்கு ஈரம்கூடப் போகவில்லை. அங்கே சோளம் முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்துகொண்டிருந்தது. இவள்தான் வேண்டுமென்று கதவைப் பாதியில் நிறுத்துகிறாள் என்று கடைமடையில் பேச்சு. இன்று சாயங்காலத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் மதகை உடைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இன்ஜினியர் போனில், "அடைப்பை எடுத்துட்டு முழுசாத் திறந்து விடும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"வேற யாரையாவது அனுப்பலாம்னு அம்மா சொன்னாங்க."

"யாரை? நீயும் நானும்தானே இங்க மொத்தப் பட்டாளமும்."

கரையின் அடிவாரத்தில் இருக்கும் குவார்ட்டர்ஸில்தான் மூன்று பேரும் இருந்தார்கள். காலையில் அவள் கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து, "அவனைப் பத்திரமாக் கூட்டிட்டு வா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று மட்டும் சொன்னாள். அம்மா அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

தம்பி பெட்டியிலிருந்து கைப்பிடியைக் கழற்றினான். முழங்கை போல வளைந்த இரும்பு, பிடிக்கிற இடம் தேய்ந்து வெள்ளி போல மினுங்கியது. அதை இடுப்பு பெல்ட்டில் செருகி, கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

அந்த மதகில் ஒரே ஒரு கைப்பிடிதான் உண்டு. சுரங்கத்துக்குள் யார் போனாலும் கைப்பிடியையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். அது இல்லாமல் மேலே யாராலும் கதவைத் தூக்க முடியாது. மறதியில் முடியாது, கோபத்தில் முடியாது, குடித்துவிட்டு வந்தாலும் முடியாது. போனவன் வெளியே வந்து, கரையேறி, பாலம் கடந்து, தன் கையாலேயே கைப்பிடியைப் பெட்டியில் மாட்டுவான். அதற்கப்புறம்தான் தண்ணீர். உள்ளே ஆள் இருக்கிறானா என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. கைப்பிடி வந்துவிட்டால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். அப்பா காலத்துக்கு முந்திய பழக்கம், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"அரை மணியில வர்றேன். நீ உன் மாப்பிள்ளையைப் பார்த்துக்கோ" என்று தண்டைக் காட்டிவிட்டு அவன் பாலத்தில் நடந்தான். கரையேறி, மறுபக்கச் சரிவில் இறங்கி மறைந்தான்.

அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். அணை சுருங்கிப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த சேறு, அதில் எப்போதோ மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள். மிச்சமிருந்த நீர் முழுவதும் கோபுரத்தைச் சுற்றி ஒரு கரிய குட்டையாக ஒதுங்கியிருந்தது. அகலம்தான் குறைந்திருந்தது, ஆழம் குறையவில்லை. அதன் மேல் ஒரு பறவைகூட உட்காரவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். இத்தனை மீன் செத்துக் கிடக்கிறது. ஒரு கொக்கு இல்லை, ஒரு காக்கை இல்லை.

டங்.

தம்பி சுரங்கத்தின் கடைசிக்கு வந்துவிட்டான். கதவின் மேல் ஸ்பேனரால் ஒரு தட்டு. அது அவளுக்கு எப்போதும் இரண்டு தடவை கேட்கும். முதலில் தண்டு வழியாக, சுருக்கென்று. இரும்பில் சத்தம் வேகமாக ஓடும். பிறகு கதவுக்குப் பின்னால் சுரங்கத்திலிருந்து அறைக்கு வரும் காற்றுக்குழாய் வழியாக, கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் மழுங்கி. கதவைத் திறக்கும்போது சுரங்கம் மூச்சு விடுவதற்காக வைத்த குழாய் அது. தரையிலிருந்து அவள் இடுப்பு உயரத்துக்கு எழுந்து, வாயைத் திறந்து வைத்திருந்தது.

அவள் ஒரு போல்ட்டை எடுத்துத் தண்டில் பதிலுக்குத் தட்டினாள். குழாயில் குனிந்தாள்.

"டேய், கேக்குதா?"

"கேக்குது, கேக்குது." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல உருண்டு வந்தது. "அக்கா, இங்க ஒண்ணுமே இல்லையே. கழுவி விட்ட மாதிரி இருக்கு."

"கதவு அடியில பாரு."

கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம். நீர் கசியும் சத்தம். அப்புறம் அவன் மூச்சு.

பொத்.

அவள் நிமிர்ந்தாள். அது இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் இல்லை. உள்ளங்கையால் தட்டியது போல, ஈரமாக, மெதுவாக.

"கையால எதுக்குடா தட்டுறே?"

"நான் எங்க தட்டினேன்? ரெண்டு கையும் தரையில இருக்கு."

பொத்.

இந்த முறை அவள் கவனித்தாள். தண்டில் வந்தது. குழாயில் வரவில்லை. அவள் காத்திருந்தாள். இல்லை, வரவில்லை. சுரங்கத்தில் எது தட்டினாலும் இரண்டு வழியிலும் வரும். இது ஒரு வழியில் மட்டும் வந்தது. அப்படியென்றால் தட்டியது கதவின் இந்தப் பக்கத்தில். தண்ணீர் நிற்கும் பக்கத்தில்.

மரக்கட்டையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஊறிப்போன கட்டை அப்படித்தான் மோதும்.

தம்பி ஸ்பேனரால் தட்டினான். டங். உடனே, அவன் தட்டிய அதே அளவு இடைவெளியில், பொத். அவன் வேகமாகத் தட்டினான். அதுவும் வேகமாக. அவன் நிறுத்தினான். அதுவும் நின்றது.

"அக்கா." குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. "கதவுக்கு அடியில முடி இருக்கு."

"என்ன முடி?"

"தலை முடி. உன்னுது மாதிரி நீளம். இடுக்குல இந்தப் பக்கம் வந்து கிடக்கு. நிறைய. இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு போல. இரு, இழுத்துப் பார்க்கிறேன்."

"இழுக்காதே. வெளியே வா."

"அட, இரு…" ஒரு முனகல். பிறகு அவன் சிரித்தான், ஆனால் அது சிரிப்பாக இல்லை. "இழுத்தா திருப்பி இழுக்குதுக்கா."

தண்டு அவள் கைக்குக் கீழே ஒரு உதறு உதறியது.

"மணிக்கட்டுல சுத்திக்கிச்சு. ஒண்ணும் இல்ல, பயப்படாதே. கத்தி இருக்கு. அறுத்துட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் அறு! அறுத்துட்டு ஓடி வா!"

அவன் என்னவோ சொன்னான். அது அவளுக்குக் கேட்கவில்லை. கரையின் மேல் டிராக்டர்கள் ஏறிக்கொண்டிருந்தன.

ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. எஞ்சின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள். முன்னால் வந்தவனை அவளுக்குத் தெரியும். கடைமடையில் பெரிய மீசை வைத்தவன், எல்லோரும் மீசை என்றே கூப்பிடுவார்கள். தம்பியின் உதட்டைக் கிழித்தவனும் அவன்தான். அவனோடு ஏழெட்டுப் பேர் பாலத்தில் வந்தார்கள். பாலம் கிறீச்சிட்டது. மற்றவர்கள் கரையிலேயே நின்றார்கள்.

"என்னம்மா, கதவு தூங்குதா?"

"அண்ணே, தம்பி உள்ள இருக்கான். அடைப்பு எடுத்துட்டு இருக்கான். அவன் வந்ததும் திறந்துடறேன், சத்தியமா."

"நேத்து வேற கதை சொன்னே. முந்தாநாள் வேற." மீசையின் கண்கள் சிவந்து, இமைகளில் தூசி படிந்திருந்தது. குரல் தடித்தது. "என் வீட்டுல ரெண்டு மாடு செத்துப் போச்சும்மா. மூணாவது படுத்துக்கிச்சு. நாங்க என்ன உன்கிட்ட பிச்சையா கேக்கிறோம்?"

"கைப்பிடி அவன்கிட்டதான் இருக்கு. பாருங்க, பெட்டியில இல்ல."

அவன் பெட்டியைப் பார்த்தான். அந்த வட்டாரத்தில் விவசாயம் பார்க்கும் எல்லோருக்கும் கைப்பிடியின் சட்டம் தெரியும். அவன் கையில் இருந்த கடப்பாரையைத் தரையில் ஊன்றினான்.

"சரி. வரட்டும். பொழுது சாயற வரைக்கும் பார்ப்போம். அதுக்கு மேல கைப்பிடி எதுக்கு, இது போதும்."

அவள் குழாயில் குனிந்தாள். டிராக்டர் சத்தம்தான் அதிலும் கேட்டது. தண்டில் கை வைத்தாள். அசைவே இல்லை. அதுவரை நடுங்கிய தண்டு இப்போது செத்தது போல நின்றது. அவளுக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது. அறுத்துவிட்டான். வந்துகொண்டிருக்கிறான்.

சூரியன் சேற்றின் மேல் இறங்கியது. அறை முழுக்கச் செம்மண் நிற வெளிச்சம். வேர்வையும் டீசலும் நாறின. ஒருவன் இருமினான். அப்போது பாலத்தின் மறுமுனையில் இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.

தம்பி வந்துகொண்டிருந்தான்.

தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். கதவு இடுக்கில் பீச்சியடிக்கும் நீரில் அப்படி நனைவது வழக்கம்தான். மெதுவாக நடந்தான். இடுப்பில் கைப்பிடி தொங்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமுறுத்திட்டியேடா பாவி."

அவன் பதில் சொல்லவில்லை. மீசையைத் தாண்டி வந்தான். கோபமாக இருக்கிறான், அடித்தவன் எதிரில் நிற்கிறான் அல்லவா, என்று அவள் நினைத்தாள். அவன் கைப்பிடியை எடுத்துப் பெட்டியில் மாட்டினான். கிளிக். அவளைப் பார்த்து ஒதுங்கி நின்றான்.

கைப்பிடி வந்துவிட்டது. அவள் அதைப் பிடித்தாள். சுற்றினாள்.

அது பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தது. வெயில் காய்ந்த கரையில் அவ்வளவு தூரம் வந்த இரும்பு. அவள் சுற்றிக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக. உதட்டில் வீக்கம் இல்லை. கிழிசல் இல்லை. நேற்றைக்கு முந்தின நாள் போல வழவழவென்று இருந்தது.

டங்.

தண்டில். பிறகு குழாயில்.

டங். டங். டங். டங்.

"அக்கா!" குழாய்க்குள்ளிருந்து. "அக்கா, கைப்பிடியைக் காணோம்! இடுப்புல இருந்து உருவிடுச்சு! திறக்காதே! கை வர மாட்டேங்குது, திறக்காதேக்கா!"

அவள் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

"ஏய்!" மீசை அவள் தோளைப் பிடித்தான். "எதுக்கு மூடறே?"

"தம்பி உள்ள இருக்கான்! கேளுங்க, சத்தம் கேளுங்க!"

"எந்தத் தம்பி? இதோ நிக்கிறானே! உள்ள யாரு இருக்கா?"

அவள் குழாயைக் காட்டினாள். எல்லோரும் நனைந்து வந்தவனைப் பார்த்தார்கள். அவன் நின்றான். கால் அருகே தண்ணீர் குளம் கட்டிக்கொண்டிருந்தது. அவன் கையை உயர்த்தி, உள்ளங்கையால் பெட்டியின் மேல் தட்டினான்.

பொத்.

அவள் அலறினாள். பெட்டியின் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். மீசை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. யாரோ கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பெட்டியின் மேல் கிடந்த போல்ட்டை எடுத்து, சுற்றியவன் முகத்தில் குத்தினாள். மூக்கு உடையும் சத்தம் விரல்களுக்குத் தெரிந்தது. சூடான ரத்தம் அவள் முழங்கை வரை ஓடியது. இன்னொருவன் அவள் கையை முறுக்கினான். கடித்தாள். தோல் பல்லுக்குள் வந்தது. "பைத்தியம் பிடிச்சிருக்கு இவளுக்கு, பிடிங்கடா!" கடப்பாரையின் மறுமுனை விலாவில் இறங்கியது. மூச்சு நின்றது. விழுந்தாள். மீசை முழங்காலால் அவள் முதுகை அழுத்தி, தலையைத் தண்டோடு வைத்து நசுக்கினான். கன்னத்தில் கிரீஸ். வாயில் உடைந்த பல்.

"சுத்துங்கடா!"

காது தண்டின் மேல் இருந்தது.

எல்லாம் கேட்டது. பல்சக்கரம் கடிக்கும் சத்தம். கதவு நகரும் சத்தம். டங் டங் டங் டங். இடைவெளியே இல்லை. ஸ்பேனர் இல்லை இப்போது, எலும்பு. நகம். தண்ணீர் நுழையும் முதல் சீறல். காற்றுக்குழாய் மூச்சை உள்ளே இழுத்தது. அவன் அலறல் அந்த மூச்சோடு பின்னால் போயிற்று, வெளியே வரவேண்டிய குரல் உள்ளே போயிற்று. பிறகு உராய்வு. கல்லில் எதையோ இழுத்துக்கொண்டு போகும் உராய்வு. நீளமாக. ஒரு இடத்தில் சிக்கியது. தண்டு உதறியது. "முழுசா ஏத்துங்கடா!" என்றான் மீசை. ஏற்றினார்கள். சிக்கியது விட்டுப் போனது.

டங் இல்லை.

கரையில் கூச்சல். "வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!" துண்டுகளைச் சுழற்றினார்கள். டிராக்டர் ஹார்ன்கள். மீசை அவள் முதுகிலிருந்து எழுந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான், சந்தோஷத்தில். "மன்னிச்சுக்கோம்மா" என்றுகூடச் சொன்னான்.

அவள் ஊர்ந்தாள். எழுந்தாள். ஓடினாள்.

வாசலைத் தாண்டும்போது தம்பியின் முகத்தோடு நின்றவன் அவளைத் தடுக்கவில்லை. பெட்டியின் பக்கத்திலேயே நின்றான். அவளைப் பார்க்கவும் இல்லை. அறைக்குள் இருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்பக் கவனமாக.

பாலம். கரை. சரிவில் கால் பிசகி உருண்டாள். கல்லில் நெற்றி பட்டது. விலாவில் ஒவ்வொரு மூச்சும் கத்தியாக இறங்கியது. கீழே சுரங்க வாயிலிருந்து தண்ணீர் பழுப்பாக, கொழுப்பாக, இடுப்பளவு உயரத்துக்குக் கொட்டியது. விழும் இடத்தில் நுரை. நுரை சிவந்திருந்தது. டார்ச் முதலில் வந்தது, இன்னும் எரிந்துகொண்டு. பிறகு தம்பி.

அவள் நீரில் குதித்துப் பிடித்தாள். ஓரத்துக்கு இழுத்தாள். உதடு வீங்கியிருந்தது. வீங்கிய அந்த உதட்டை அவள் தொட்டுப் பார்த்தாள். தொட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு பக்க முகத்தில் தோல் இல்லை. வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. அது வெட்டு இல்லை, பிய்த்திருந்தது. எலும்பைச் சுற்றி இன்னும் நாலைந்து முடி, கறுப்பாக, நீளமாக. அவை நீரின் போக்கில் ஆடவில்லை. நீருக்கு எதிராக, சுரங்கத்தின் பக்கம் நீண்டு, விறைத்து நின்றன.

"யாராவது வாங்க!" என்று கத்தினாள். தண்ணீரின் இரைச்சல் அவள் குரலை மென்று விழுங்கியது. கரையில் இருந்தவர்கள் வாய்க்காலோடு சேர்ந்து கடைமடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள், தண்ணீரோடு போட்டி போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி. யாரும் திரும்பவில்லை.

அந்த இரைச்சலைத் தாண்டியும் கோபுரத்திலிருந்து வந்த சத்தம் கேட்டது.

ஒருவன் கத்தினான். பிறகு இன்னொருவன். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில். கண்ணாடி உடைந்தது. கனமான ஏதோ ஒன்று நீரில் விழுந்தது, அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. மீசையின் குரல் மட்டும் தனியாக, உயரத்தில், "வேணாம், வேணாம், வேணாம்" என்று வந்து, நடுவில் நின்றது.

அமைதி. தண்ணீர் மட்டும்.

அவள் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரையின் விளிம்பையே பார்த்தாள். எழ முடியவில்லை. மேலே வானம் காயம் போலக் கறுத்துக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்தார்கள். கரையின் மேல், வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக. மூக்கு உடைபட்டவன் மூக்கோடு வந்தான். அவள் கடித்தவன் கையை வீசிக்கொண்டு வந்தான். எல்லோரும் நனைந்திருந்தார்கள். மீசையின் மீசையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. யாரும் பேசவில்லை. டிராக்டர்களைத் தொடவில்லை. நடந்தார்கள். ஒவ்வொருவராகப் பிரிந்து, வயல் வரப்புகளில் இறங்கி, விளக்கு எரியும் வீடுகளைப் பார்த்துப் போனார்கள்.

கடைசியாகத் தம்பியின் முகத்தோடு அவன். அவன் மட்டும் வேறு பக்கம் இறங்கினான். வாய்க்காலுக்கு மறுகரையில் இருந்த குவார்ட்டர்ஸ் பக்கம்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டு வெளியே வந்திருக்க வேண்டும். மகனைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே ஓடிப் போய்த் துண்டோடு வந்தாள்.

"அம்மா!" அவள் கத்தினாள். "அம்மா, அது இல்லை! இவன் இங்க இருக்கான்! அம்மா, கிட்ட போகாதே!"

தொண்டையில் ரத்தம்தான் வந்தது. மதகு முழுசாகத் திறந்திருந்தது. அணையில் இருந்த நீரெல்லாம் அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இரைந்துகொண்டிருந்தது.

அம்மா ஏதோ திட்டினாள். வாயசைவு தெரிந்தது. திட்டிக்கொண்டே சிரித்தாள். அவன் தலை குனிந்தான், அம்மாவின் கைக்கு எட்டும்படி, நல்ல பிள்ளையாக. அம்மா துவட்டினாள். துண்டைப் பிழிந்தாள். மறுபடி துவட்டினாள். மறுபடி பிழிந்தாள். தண்ணீர் நிற்கவில்லை. அவள் காலடியில் படி நனைந்து, படியிலிருந்து மண்ணுக்கு வழிந்தது. அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. துண்டை விலக்கிவிட்டு, மகனின் முகத்தை நிமிர்த்தி, விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள்.

அவன் இரண்டு கைகளாலும் அவளை அணைத்துக்கொண்டான். அவன் தலையிலிருந்த முடி, நீளமாக, இன்னும் நீளமாக, அம்மாவின் தோளைத் தாண்டி வழிந்து, அவள் முதுகில் இறங்கி, இடுப்பைச் சுற்றியது.